ரெத்தெனு

எல்லாரும் சுகமாய் இருக்கிறீங்களோ? குளிருக்குள்ளே கவனமாய் இருங்கோ. எங்கள் மேல்வீட்டுக் குணேஸ்வரிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவளுடைய மகள் பிரஷாந்தினி, காலையில் பாடமும் பின்னேரம் பாலே நடனமும் படிப்பிக்கிற பள்ளிக்கூடமொன்றின் தேர்வுக்குப் போய் ஆடிவிட்டு வந்தாள். பிரெஞ்சில் கடிதம் வந்தபோது பிள்ளை வீட்டில் இல்லை. பிரெஞ்சு அரைகுறையாய்த் தெரிந்த குணேஸ்வரி உடைத்துப் பார்த்தாள். 'ரெத்தெனு' என்ற சொல் கண்ணில் பட்டது. மகன் விதுர்சனைக் குழப்படிக்காகப் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் மறித்து வைத்த நாளெல்லாம் அவன் கொண்டுவந்த துண்டில் இருந்த அதே சொல்.

மகளையும் மறித்துவிட்டார்கள், பிள்ளை பார்த்தால் தாங்கமாட்டாள் என்று கடிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

“உன்னை எடுக்கேல்லையாம், பிள்ளை.”

“ஓம் அம்மா.”

அவ்வளவுதான். பிரஷாந்தினி அழவில்லை. பாலே சப்பாத்தை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. பிரஷாந்தினி பிரெஞ்சில் கதைத்து, 'மெர்சி' சொல்லி வைத்தாள்.

“ஆரடி அது?” குணேஸ்வரி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“பாலே பள்ளிக்கூடம். நாங்கள் மறுமொழி போடேல்லையாம். என்ர இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்திட்டினமாம்.”

“என்ன இடம்? ரெத்தெனு எண்டெல்லோ போட்டிருந்தவங்கள்! தம்பின்ர துண்டிலயும் அதுதானே?”

“தம்பிக்கு எண்டா மறிச்சு வைக்கிறது. விண்ணப்பத்துக்கு எண்டா தெரிவு செய்யிறது, அம்மா.”

குணேஸ்வரி அடுப்பை நிறுத்தவும் மறந்து நின்றாள். பிரஷாந்தினி போய் நிறுத்தினாள்.

உங்களையும் ஒரு சொல் இப்படிக் காலை வாரியிருந்தால், எனக்கு எழுதுங்கோ.