பட்டாளத்துச் சாமி

"எந்தப் படைப்பிரிவுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க தாத்தா, என் புத்தகம் முடிஞ்சிடும்!"

வினோதினி கெஞ்சாத குறைதான். தங்கராசு தாத்தாவோ அடுப்படிப் பக்கமே மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அது கெடக்குது கண்ணு. கறி வெந்துடுச்சான்னு பாத்துட்டு வா."

வினோதினிக்கு எரிச்சலாக வந்தது. இருக்காதா பின்னே? அவள் எழுதுவது அவளுடைய சின்னத் தாத்தா வீரமுத்துவின் போர் வரலாறு. பத்தொன்பது வயதில், "பட்டாளத்துக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தா.பழூரில் பஸ் ஏறியவர் அவர். அடுத்த வருஷமே பங்களாதேஷ் சண்டை வந்தது. சண்டை முடிந்து மற்ற வீட்டுப் பிள்ளைகளெல்லாம் ஊர் திரும்ப, வீரமுத்து மட்டும் வரவில்லை. கடுதாசியும் இல்லை. கோடாங்கியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் உடுக்கையை அடித்து, "புள்ள சண்டையில விழுந்துட்டான். சாமியாயிட்டான். குந்த எடம் கேக்குறான்" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். வீட்டில் ஓர் அறையையே ஒதுக்கி, படம் எதுவும் இல்லாததால் ஒரு செங்கல்லுக்குப் பொட்டு வைத்து, வைகாசிக்கு வைகாசி கறிப்படையல் போட ஆரம்பித்தார்கள். வீட்டுக்கே பட்டாளத்துச் சாமி வூடு என்று பெயர் விழுந்துவிட்டது.

வினோதினியின் தாத்தா, அதாவது வீரமுத்துவின் அண்ணன், காலமான மறு வருஷம் இந்தத் தங்கராசு வந்து சேர்ந்தார். ரஞ்சன்குடியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். "நானும் வீரமுத்துவும் ஒண்ணாப் பட்டாளத்துல இருந்தோம்" என்றார். அன்றிலிருந்து எந்தப் படையலுக்கும் அவர் தவறியதில்லை. வீரமுத்து தனியாளாக நின்று பாலத்தைக் காத்தது, எதிரி டாங்கி மேலேயே ஏறிக் குதித்தது எல்லாம் அவர் வாயால் வந்த கதைகள்தான். கேட்கும்போதெல்லாம், சித்தப்பாவின் முகத்தைக்கூடப் பார்த்திராத வினோதினியின் அப்பா ராஜதுரை குலுங்கிக் குலுங்கி அழுவார்.

சிக்கல் என்னவென்றால், வினோதினி ஜெயங்கொண்டத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். ஆதாரம் இல்லாமல் எழுத அவளுக்குக் கை வராது. எங்கெங்கேயோ எழுதிக் கேட்டுவிட்டாள். வீரமுத்து என்று ஒருவர் இந்த ஊரிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்ததாக எங்கேயும் இல்லை. தங்கராசு என்றும் யாரும் இல்லை. அப்பாவோ கீழப்பழுவூர் சொந்தபந்தம் வரைக்கும் புத்தகத்தைப் பற்றித் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. இன்றைக்குப் படையல் முடிந்து, சாயங்காலம் அரியலூர் அச்சகத்தில் எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும்.

"தாத்தா, போன வருஷம் நாலு டாங்கின்னீங்க. இப்ப ஏழுங்கிறீங்க."

"வருஷம் ஆச்சுல்ல கண்ணு? குட்டி போட்டிருக்கும்."

"வெளையாடாதீங்க தாத்தா! துப்பாக்கியவாவது கையில புடிச்சிருக்கீங்களா?"

"ஏன் புடிக்காம? பெரம்பலூர் பொருட்காட்சியில பலூன் சுட்டிருக்கேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் படல" என்றார்.

"அப்ப நீங்க பட்டாளத்துலயே இல்ல?"

"இல்ல கண்ணு."

"ஐயோ! அப்ப வீரமுத்து தாத்தா சண்டை போட்டது?"

தங்கராசு வாயைத் திறப்பதற்குள் ராஜதுரையின் குரல் வீட்டையே தூக்கியது. "படையல் போட்டாச்சு! எல்லாரும் வாசலுக்கு வாங்க! சாமி நிம்மதியா சாப்புடட்டும்!"

இலை போட்டதும் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய் நிற்பது இந்த வீட்டு வழக்கம். சாமி வந்து சாப்பிடுகிற நேரத்தில் மனுஷர் கண் படக் கூடாதாம்.

வாசலில் நின்றாலும் வினோதினிக்கு மனசு ஆறவில்லை. ஒரு வேளை கறிச்சோற்றுக்காக இந்த மனுஷன் இத்தனை வருஷம் அப்பாவை ஏமாற்றியிருக்கிறாரே! இன்றைக்கே சொந்தக்காரர்கள் முன்னால் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான் என்று அப்பாவிடம் போனாள்.

ராஜதுரை கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். கன்னமெல்லாம் ஈரம். "எங்க சித்தப்பா மாதிரி ஒரு ஆம்பள இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாது பாப்பா. அவர நெனச்சுக்கிட்டா எனக்கு எந்தக் கஷ்டமும் கஷ்டமாத் தெரியாது" என்றார்.

இவரிடம் போய் உடைப்பதாவது! சரி, அந்தப் பெரிய மனுஷனையே நாலு கேள்வி கேட்போம் என்று கூட்டத்தில் தேடினாள். ஆளைக் காணோம்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே போய்ச் சாமி அறைக் கதவைத் தள்ளினாள்.

செங்கல்லுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நல்லி எலும்பை ரசித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார் தங்கராசு.

"அடப்பாவி தாத்தா! எந்திரிங்க! அது சாமிக்குப் போட்ட எலை! எங்க வீரமுத்து தாத்தாவோட எலை!"

அவர் பதறவே இல்லை. எலும்பை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கத்தாத கண்ணு, வெளிய எங்கண்ணன் மவன் காதுல வுழுந்துடப் போவுது. உசுரோட இருந்தப்ப இதே வூட்டுல எங்கப்பா 'தண்டச்சோறு, தண்டச்சோறு'ன்னு திட்டித் திட்டித்தான் எனக்குக் கஞ்சி ஊத்துனாரு. செத்துட்டேன்னு ஆனதும் தலைவாழை எலையில கறியும் சோறுமா போடுறீங்க! இப்பப் போயி நான்தான் வீரமுத்துன்னு எந்த வாயால சொல்லுவேன், நீயே சொல்லு!"