மூன்றாவது கோப்பைத் தேத்தண்ணி

"உன்ட புருஷனுக்குத் தூக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் தோமஸ் மூன்றாவது கோப்பைத் தேத்தண்ணியை உறிஞ்சினார். ஊர் அதிகாரம் பார்க்கும் விதானை யாக்கோபு வீட்டு விறாந்தையில், சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு சொன்னார். யூஜீனியா கையிலிருந்த வெறுங்குடத்தைக் காலடியில் வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

அவள் புருஷன் நிக்கொலஸ் புத்தளம் மறியல் சிறையில் அடைபட்டு எட்டு நாள். அவன் போட்ட வலையில் மீனுக்குப் பதிலாகச் சவிரிமுத்துவின் பிணம் ஏறியிருந்தது. பிடரியில் நகக் காயம் வேறு. அதற்கு இரண்டு நாள் முந்தித்தான் கள்ளுத் தவறணையில், "உன்னக் கடலுக்குள்ள அமுக்கித்தான் சாகடிப்பன்" என்று நிக்கொலஸ் ஊர் கேட்கக் கத்தியிருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன்.

சவிரிமுத்துவைக் கொல்ல ஆசைப்படாத ஆள் அந்தக் கரையில் யார்? பெட்டிசம் எழுதுவதே அவன் பிழைப்பு. சுவாமியாரின் பிரசங்கம் நீளம் என்று ஆயருக்கு எழுதினான். நிக்கொலஸின் வலைக்கண் சின்னது என்று அரசாங்கக் கச்சேரிக்கு எழுதினான். விதானையாரைப் பற்றி மாதம் ஒன்று தவறாமல் எழுதினான். தலவிலக் கோயில் புனித அன்னம்மாள் ஒருவர்தான் அவன் பேனாவுக்குத் தப்பியவர்.

"உங்கட வீட்டுத் தேத்தண்ணி தனி ருசிதான், விதானையார்" என்றார் இன்ஸ்பெக்டர். கண்டியிலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த நாள் முதல் சாப்பாடு, படுக்கை எல்லாம் இங்கேதான். ஊரில் வேறொரு வீட்டில் வாய் நனைத்ததில்லை.

"எல்லாம் டொறத்தியின்ட கைப்பக்குவம் ஐயா" என்று மனைவியைக் காட்டிக் குழைந்தார் விதானையார். அவர் குழையக் குழைய இடுப்பில் தொங்கிய பெரிய பூட்டுத் திறப்பும் சேர்ந்து ஆடியது. சுவரில் தொங்கிய ஜோர்ஜ் மன்னர் எதையும் கவனியாதவர் போலிருந்தார்.

அப்போதுதான் பொலிஸ்காரன் ஒருவன் சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு வந்து, கொழும்புக் கடிதத்தை நீட்டினான். பிரேதத்தைச் சோதித்த டொக்டரின் அறிக்கை. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விஞ்ஞானம் என்றால் அவருக்கு உயிர். தானே கண்டுபிடித்தது போலப் பேசுவார்.

"கேள். சவிரிமுத்துட இதயத்தில ரெண்டு பக்கமும் இரத்தம் எடுத்து, உப்பு எவ்வளவெண்டு டொக்டர் அளந்திருக்கிறார். கடல்ல மூழ்கிச் செத்தா இடப்பக்கம் உப்புக் கூடியிருக்க வேணும். இதில குறைஞ்சிருக்கு."

"அப்பிடியெண்டா ஐயா?"

"உப்பில்லாத தண்ணியில அமுக்கிச் சாகடிச்சுப்போட்டு, பிறகுதான் கடல்ல போட்டிருக்கு."

எட்டு நாளில் முதல் தடவையாக யூஜீனியாவுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. "அப்ப என்ட புருஷன் இல்ல! அவர் விடியும்மட்டும் கடல்லயெல்லோ கிடந்தவர்!"

"அவசரப்படாத. உன்ட வளவில கிணறு இருக்கா?"

"ஓம், இருக்கு."

"நல்ல ஆழமான கிணறு ஐயா. வள்ளம் கட்டுற இடத்துக்குக் கிட்டத்தான்" என்றார் விதானையார், யாரும் கேட்காமலே.

இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டினார். "முடிஞ்சுது! கிணத்துக்க அமுக்கி, வள்ளத்தில ஏத்தி, வலையில போட்டிருக்கிறான்."

"தன்ட வலையிலயே போடுவாரா ஐயா? அவ்வளவு மடையனா அவர்?"

"தவறணையில அறிவிச்சுப்போட்டுக் கொல்லப் போனவன் எதையும் செய்வான்."

அது சரிதான் என்று யூஜீனியாவுக்கும் பட்டது. அவளும் நிக்கொலஸைக் கட்டிப் பத்து வருஷம் ஆகிறதே.

"கிணத்துத் தண்ணியில ஒரு போத்தல் வேணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "சாட்சிப் பொருள். முத்திரை வைச்சுக் கொழும்புக்கு அனுப்ப வேணும்."

"நீங்க இருங்க ஐயா, நான் போய் அள்ளித் தாறன்" என்று விதானையார் எழும்பினார். அதற்குள் யூஜீனியா மேசையில் கிடந்த வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டிவிட்டாள். தன் புருஷனுக்குத் தானே கயிறு திரிக்க ஓடுகிறாளே என்று டொறத்தி குசினி வாசலில் நின்று கண்ணைத் துடைத்தாள்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவளிடமிருந்து இன்ஸ்பெக்டர் போத்தலை வாங்கினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார், குலுக்கினார், மணந்து பார்த்தார். விஞ்ஞானம் அதோடு திருப்திப்படவில்லை. ஒரு வாய் ஊற்றிக்கொண்டார்.

"த்தூ!"

டொக்டரின் கடிதமும் விதானையாரின் பெனியனும் ஒன்றாக நனைந்தன. "கிணத்துத் தண்ணி கேட்டா, கடலில அள்ளிக்கொண்டு வந்து என்னையா ஏமாத்துறாய்?"

"கிணத்துத் தண்ணிதான் ஐயா. ஆரிட்டயும் கேட்டுப் பாருங்க, ஊர்க் கிணறெல்லாம் இந்த ருசிதான். நாங்க கறிக்குக்கூட உப்புப் போடுறதில்ல."

இன்ஸ்பெக்டர் வாயைத் துடைத்தார். அவர் பார்வை மேசைக்குப் போயிற்று. கோப்பையில் அரைவாசித் தேத்தண்ணி மிச்சமிருந்தது.

"அப்ப, இதுக்கு எங்கயிருந்து தண்ணி?"

விதானையாரின் கை மெல்ல இடுப்பில் தொங்கிய திறப்பைப் பொத்திக்கொண்டது. யூஜீனியா குனிந்து தன் வெறுங்குடத்தை எடுத்தாள்.

"ஊருக்கே நல்ல தண்ணிக் கிணறு ஒண்டுதான் ஐயா, அதப் பூட்டித் திறப்ப விதானையார் ஆருக்கும் குடுக்கிறதில்ல."