சொந்தமா எழுதுங்க

"நோட்ஸை ஒப்பிக்காதீங்க, சொந்தமா எழுதுங்க" என்று என் குற்றச் சமூகவியல் வகுப்பில் ஆண்டு முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவேன்.

'மனிதர் ஏன் திருடுகின்றனர்?' என்ற தேர்வுக் கேள்விக்கு முப்பத்தொன்பது பேர் என் நோட்ஸையே வரி பிசகாமல் எழுதினார்கள். இசக்கியம்மாள் மட்டும், அப்பா படுக்கையில் கிடந்த வாரம் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை அட்டையைத் துப்பட்டாவுக்குள் மறைத்ததையும், வாசல்வரை போனவள் திரும்பிவந்து அதை வைத்துவிட்டதையும் எழுதினாள். முழு மதிப்பெண் போட்டேன்.

இப்போதெல்லாம் விடைத்தாளைப் படித்து நன்னடத்தைச் சான்றிதழ் தருவது இயந்திரம்தான். முப்பத்தொன்பது பேருக்கும் வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் 'திருடக்கூடியவர்' என்று வந்தது.

"கெடச்ச வேலையும் போச்சு சார்," என்று துறை அறையில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"திரும்ப வச்சிட்டேன்னும் எழுதியிருந்தியேம்மா."

"எடுத்தத மட்டுந்தான் அது பாத்திருக்கு. மறுதேர்வு உண்டாம் சார். ஒங்க நோட்ஸ் இருந்தா தாங்க."

கொடுத்தேன். வராந்தாவில் நின்றபடியே நாலைந்து முறை படித்துவிட்டு, நோட்டை மூடி ஒப்பித்துப் பார்த்தாள்: "திருட்டு என்பது சமூக விதிகளிலிருந்து விலகிய நடத்தை..." பாதியில் தடுமாறினாள்.

உள்ளே இருந்தபடி அடுத்த வரியை நான் எடுத்துக்கொடுத்தேன்.