காலை ஒன்பது மணி லாகின்

"எவன் கை வெச்சான்னு எனக்குத் தெரியணும். ஆளைக் காட்டு, இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்."

மேனேஜர் சிஸ்டம்காரரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சிஸ்டம்காரர் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். செத்துக் கிடக்கிற சர்வரை எழுப்புவதா, உயிரோடு இருக்கிற மேனேஜரைச் சமாளிப்பதா என்ற பாடு அவருக்கு.

இந்த வாரம் முழுக்க இதே கூத்து. காலையில் ஆபீஸ் திறந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் யூனிக்ஸ் சர்வர் படுத்துவிடுகிறது. பில் போட முடியாது, சரக்குச் சீட்டு அடிக்க முடியாது. லாரி டிரைவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரம்ங்க?" என்று உயிரை எடுக்கிறார்கள்.

இன்றைக்கு இன்னும் மோசம். பூட் ஆகும்போதே பாதியில் நின்றுபோய், டிஸ்கில் கோளாறு, நீயே வந்து பார் என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

"திடீர்னு அணைஞ்சா இப்படித்தாம்பா டிஸ்க் குழம்பிடும். செக் பண்ணச் சொல்லு. அது கேக்கற கேள்விக்கெல்லாம் ஆமான்னு சொல்லு," என்றார் மேனேஜர். "நானும் ஒரு காலத்துல இந்த மெஷினோட மல்லுக்கட்டினவன்தான்."

இப்போது மெயிலில் ஒரு படத்தை இணைக்கவே ஆள் கூப்பிடுகிற மனுஷன். சிஸ்டம்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைத்தான் செய்தார், வேறு வழியும் இல்லை. சர்வர் எழுந்து உட்கார்ந்தது. மேனேஜர் வாட்சைப் பார்த்துவிட்டு, யார் யார் லேட் என்று நோட்டம் விடப் போய்விட்டார்.

எழுந்தது பெரிசில்லை, ஏன் விழுந்தது? சிஸ்டம்காரர் சர்வர் தானே எழுதி வைக்கிற லாகைத் திறந்து மேலிருந்து கீழே படித்தார். மெமரி தீர்ந்துபோச்சு என்று புலம்பிக்கொண்டேதான் செத்திருக்கிறது. தின்று தீர்த்தது யார் என்று பார்த்தால் ஒரே பேர். நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரு லாகின். ஒவ்வொரு லாகினிலும் பில்லிங் புரோகிராம் திறந்தது திறந்தபடி.

பேர் பில்லிங் அக்காவுடையது. அக்கா ஆஸ்பத்திரியில் படுத்து மாசக்கணக்காகிறது.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. "நாம காய்ச்சலோட வந்து உக்காந்திருக்கோம். இவங்க படுத்துக்கிட்டே ஆஜர் கொடுக்கறாங்களா?" என்று பல்லைக் கடித்தார்.

அந்த ஆபீஸில் லாகின்தான் வருகைப் பதிவு. லீவு தீர்ந்தும் லாகின் விழவில்லை என்றால் ஆள் பட்டியலிலிருந்து பேர் தானாக நீங்கிவிடும். பேர் நீங்கினால் கம்பெனி செலவில் பார்க்கிற வைத்தியமும் நின்றுவிடும். அக்காவுக்கு இன்னும் ஆபரேஷன் பாக்கி. போன வாரம், லீவு தீரப்போகிறது என்றதும் அக்காவின் வீட்டுக்காரர் ஓடி வந்து, "இன்னும் கொஞ்ச நாள் கொடுங்க சார்," என்று கெஞ்சினார். மேனேஜர் அத்தனை பேர் முன்னாலும் முகத்தில் அடித்த மாதிரி சொன்னார்: "ஆளுக்கு ஒரு ரூல் வெச்சுக்க முடியாதுங்க." அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சிஸ்டம்காரர் மேலும் தோண்டினார். தானாக ஓடுகிற வேலைகளில், அக்காவின் கணக்கிலேயே ஒரு வரி இருந்தது. தினமும் ஒன்பது மணிக்கு அக்கா பேரில் உள்ளே போ என்று. மணியைச் சரியாகப் போட்ட புண்ணியவான், எந்த நிமிஷம் என்கிற இடத்தில் பூஜ்யம் போடாமல் நட்சத்திரம் போட்டிருக்கிறார். நட்சத்திரம் என்றால் எல்லா நிமிஷமும். ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும் அக்கா ஓயாமல் வேலைக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறார்.

அப்போதுதான் சிஸ்டம்காரருக்கு இன்னொன்று உறைத்தது. அக்காவுக்கு பில் அடிக்க மட்டும்தான் தெரியும். இப்படி ஒரு வரி எழுதக்கூடிய ஆள் இங்கே யார் என்று கேட்டால், பியூன் உட்பட எல்லோரும் இவரைத்தான் கை காட்டுவார்கள்.

பேசாமல் அழித்துவிடலாம். ஆனால் மேனேஜர் விடமாட்டார், யார் யார் என்று குடைந்தெடுப்பார். கடைசியில் தன் தலையில்தான் விடியும். இவர் சீட்டில் இல்லாத போதெல்லாம், "இப்பத்தான் கீழ போனார் சார்," என்று சமாளித்துவிடுகிற அக்கா. பாவம்தான். அதற்காக நம் பிழைப்பில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள முடியுமா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு கேபினுக்குள் போனார்.

"சார், காரணம் கிடைச்சிடுச்சு."

"யாரு?"

"பில்லிங் அக்கா கணக்கு சார். அவங்க ஆஸ்பத்திரியில இருக்கறப்போ அவங்க பேர்ல தினமும் லாகின் விழற மாதிரி எவனோ எழுதி வெச்சிருக்கான். சத்தியமா நான் இல்ல சார். அவங்க வீட்டுக்காரர்தான் யாரையாவது பிடிச்சு..."

மேனேஜர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு லாகின் விழுந்தா சர்வர் எதுக்குப்பா விழணும்?"

"ஒண்ணு விழுந்தா ஒண்ணும் ஆகாது சார். இது நிமிஷத்துக்கு ஒண்ணு விழுது."

"நிமிஷத்துக்கா?"

மேனேஜர் எழுந்து போய்க் கேபின் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னு நினைச்சுத்தாம்பா எழுதினேன். பழக்கம் விட்டுப்போச்சு. அதை மட்டும் திருத்திடு, எடுத்துடாதே."