உள்ளங்கைகளுக்கு நடுவே

தறிகள் தடதடக்கும் கூடத்துக்குள் மேனேஜர் தறிக்காரி வாயாடியின் காதருகே வந்து கத்தினார்.

“சொல்லும்மா, இங்க பாதுகாப்பு எவ்வளவு இருக்குன்னு இவங்ககிட்ட சொல்லு!”

அவருக்குப் பின்னால், துணி வாங்கும் கம்பெனியிலிருந்து வந்த மூன்று பேர் நின்றார்கள். கோட்டுப் போட்ட இரண்டு ஆண்கள், தலை நரைத்த ஓர் அம்மா.

பக்கத்துத் தறிக்காரிக்குப் போன மாதம்தான் விரல்கள் போயின. வேகம் கூட்டுவதற்காக மேனேஜர் கழற்றச் சொன்ன மறைப்புத் தகடு இன்னும் மூலையில் கிடந்தது. வந்தவர்கள் முன்னால் எவளாவது வாயைத் திறந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று காலையிலேயே மிரட்டியிருந்தார்.

வாயைத்தானே?

அந்தக் கூடத்தில் வாய்க்கு என்றைக்கு வேலை இருந்தது? வாயாடிக்கு அந்தப் பெயர் வந்ததே அவள் கைகளால்தான். தறிச் சத்தத்தில் எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே விடுகிற இடம்தான் அளவு. விரல்கடை விட்டால் கொஞ்சம். தோளகலம் விட்டால் நிறைய. மாமியார் தொல்லை எவ்வளவு என்று கேட்டால் கடைசித் தறிக்காரிக்கு இரண்டு கையும் பத்தாது.

கண்ணாடி அறைக்குள்ளேயே காலம் தள்ளிய மேனேஜருக்கு இந்தப் பாஷை தெரியாது.

வாயாடிக்குப் பயம் இல்லாமல் இல்லை. வீட்டில் அடுப்பெரிவது இந்தச் சம்பளத்தில்தான். ஆனால் வயிற்றெரிச்சல் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கினாள். மேனேஜரின் கண்ணைப் பார்த்தபடியே இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தாள். காற்றுக்கூடப் புகாதபடி உள்ளங்கைகளை ஒட்டவைத்தாள்.

“பாத்தீங்களா, எவ்வளவு மரியாதை!” என்று மேனேஜர் பூரித்துப்போனார்.

கோட்டுக்காரர்கள் சிரித்த முகமாகத் திருப்பிக் கும்பிட்டார்கள்.

அடுத்த தறிக்காரியும் கை சேர்த்தாள். அதற்கு அடுத்தவளும் சேர்த்தாள். கூடத்தின் கடைசி வரைக்கும் கைகள் சேர்ந்தன. ஒருத்தியும் தலை குனியவில்லை.

நரைத்த அம்மா மட்டும் கும்பிடவில்லை.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் உள்ளங்கைகளை விரல்கடை இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தினார். வாயாடியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

எந்தத் தறியில் நின்று கற்றாரோ.

வாயாடி ஒட்டிய கையைப் பிரிக்கவே இல்லை.