ஊற்ற மறந்த தண்ணீர்

சிங்கப்பூர் தோ பாயோவில் கார் பட்டறை வைத்திருக்கும் சிதம்பரம், அன்று காலை ஒரே மாடல் கார்கள் இரண்டுக்கு ரேடியேட்டரை மாற்றிப் போட்டார். யூசுப் பாயின் காருக்கு, சாலையில் ஓட அரசு தரும் பத்தாண்டு சிஓஇ உரிமம் முடிய இரண்டே நாள், ஸ்க்ராப்புக்குப் போகிறது. போகிற வண்டிக்கு நல்ல ரேடியேட்டர் எதற்கு? அதைக் கழற்றி, ஃபேரர் பார்க்கில் சாப்பாடு டெலிவரி செய்யும் கண்மணியின் காரில் மாட்டினார். அவளுடைய ஒழுகல் ரேடியேட்டரைப் பாயின் காரில் வைத்தார். துவாஸ் ஸ்க்ராப் யார்டு வரை தாங்கினால் போதும்.

பாய் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான், அந்தக் காருக்கென்று எடுத்து வைத்த, ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் தண்ணீர் பாட்டில்கள் சீல் உடையாமல் மேசை மேல் நிற்பதைப் பார்த்தார். தண்ணீரில்லாமல் பத்து நிமிடம் ஓடினாலே இன்ஜின் வெந்துவிடும். உடனே போன் போட்டார்.

“பாய், வண்டிய நிறுத்துங்க.”

“வந்து சேந்துட்டேன் லா. வழியெல்லாம் ஜாம். சூடு காட்டுற முள்ளு நடுவுலயே நின்னுச்சு, ஏர்கான் ஜில்லுன்னு வந்துச்சு.”

“ரேடியேட்டர் மூடியத் திறந்து பாருங்க. துணி வச்சு, மெதுவா.”

பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூடி திருகும் சத்தம்.

“உள்ள ஒரு சொட்டு இல்ல, சிதம்பரம். தொட்டுப் பாத்தேன், குளுகுளுன்னு இருக்கு.” பாய் செருமிக்கொண்டார். “இத ஸ்க்ராப் பண்ண மனசு வரல. சிஓஇ இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிக்கலாமா?”

சிதம்பரம் பாட்டில்களை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

“அப்படியே ஓட்டிட்டு வாங்க பாய்,” என்றார். “தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க.”