முதல் எழுத்து

"பேஷன்ட் பேரு?"

ஆஸ்பத்திரிப் பதிவு ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிராமலே கேட்டார்.

தெய்வசிகாமணி குனிந்தார். "எனக்குப் பேச்சு தி... திக்கும் சார். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

பக்கத்தில் நின்ற மனைவி அமிர்தவல்லி சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் இதை யாரிடமும் சொல்லி அவள் கேட்டதில்லை.

'ரெ' வாயில் வராது என்பதற்காக, பஸ்ஸில் மூலகுளத்துக்கு டிக்கெட் கேட்டு வாங்கி, அதற்கு முன்னாலேயே வரும் ரெட்டியார்பாளையத்தில் இறங்கிவிடுகிற மனிதர் அவர். ரேஷன் கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன் என்று எங்கே போனாலும் அவர் பின்னால் நிற்பார். அவள் பேசுவாள்.

அப்படிப்பட்டவர் நாற்பத்தேழாவது வயதில், யாரும் சொல்லாமல் தானாகப் போய்ப் பேச்சுப் பயிற்சியில் சேர்ந்தார்.

முப்பத்தாறு நாள். வெட்கம் தெளிவதற்காக, பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களிடம் வேண்டுமென்றே திக்கித் திக்கி வழி கேட்கச் சொன்னார்கள். கேட்டார். சிரித்தவர்களிடமும் கேட்டு முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அவளுக்கும் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவர் வார்த்தையை அவள் முடித்துவைக்கக் கூடாது. அவருடையதைவிட இதுதான் கஷ்டம் என்று அவளுக்குத் தோன்றும்.

"அ..."

நின்றுவிட்டது. தாடை நடுங்கியது. வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"பக்கத்துல வூட்டம்மா இருக்காங்களே, அவங்க சொல்லட்டுமே" என்றார் ஜன்னல்காரர்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

முட்டி மோதாமல் மூச்சை மெல்ல விட்டார். அந்த மூச்சோடேயே முதல் எழுத்தை இழுத்தார்.

"அ...மிர்தவல்லி."

"என்ன ஆபரேஷன்?"

"கு... குரல்வளை. நாளைக்கு."

அவள் குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும், அதற்கப்புறம் இந்தக் குரல் இருக்காது என்று டாக்டர் சொன்ன அன்று அவள் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். மறுநாள்தான் அவர் பயிற்சிக்குக் கிளம்பினார்.

ஜன்னல்காரர் சீட்டை நீட்டினார். இந்த முறை நிமிர்ந்து, இருவரையும் பார்த்தே நீட்டினார்.

அமிர்தவல்லிக்குப் பேச இன்னும் ஒரு பகல் மிச்சமிருந்தது. கரகரத்த குரலில் சொன்னாள்:

"நல்லா சொன்னீங்க."